வெளிப்பக்கக் கதவு

கேரவன் என்றால் நம்ம ஊரில் சினிமாக்காரர்கள் மேக்கப் போட்டுக்கொள்ளும் வண்டி. அதிலேயே படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் வைத்து, ஊர் சுற்றுவதற்கென்று இப்போது வாடகைக்கு விடுகிறார்கள். 2024 ஜனவரி 26 வெள்ளிக்கிழமை விழுந்தது. குடியரசு தினத்தோடு சேர்த்து மூன்று நாள் லீவு. சனி, ஞாயிறு இரண்டு நாளைக்கு அப்படியொரு வண்டி எடுத்துக்கொண்டு பெசன்ட் நகரிலிருந்து ஆறு பேர் கிளம்பினோம். போய் வந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் ரொம்ப நாள் இருந்தேன். வண்டி சரியில்லை, பணம் தண்டம் என்பதெல்லாம் எழுதுகிற விஷயமில்லை. அந்தத் தோப்பில் நான் உட்கார்ந்திருந்த விதம்தான் எழுதவைக்கிறது.

நான் இருப்பது பெசன்ட் நகரில் மத்திய அரசுக் குடியிருப்பு. காலையில் எலியட்ஸ் பீச்சில் நடப்பேன். பத்து வருஷமாக நடக்கிறவர்கள் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டோம். நடந்து முடித்து ஷ்மிட் நினைவு மண்டபத்துப் பக்கம் உட்கார்ந்து பேசுவோம். பேச்சு எல்லாம் முற்போக்குதான். அதில் ஒருத்தர், இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தவர், நிறையப் படிப்பவர். 2017-ல் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் வந்தபோது பார்த்துவிட்டு, இரண்டு நாள் சாப்பிட முடியவில்லை என்று என்னிடமே சொன்னார். கண் கலங்கியது. பொய் இல்லை.

அவர்களுக்கு நான் 'சார்'. நேட்டிவ் எது என்று கேட்டால் செங்கல்பட்டுப் பக்கம் என்பேன். செங்கல்பட்டில் எங்கே என்றால், அங்கிருந்து பஸ் மாறணும் என்பேன். பத்து வருஷம் இப்படியே ஓட்டிவிட்டேன். கூட்டங்களில் பேசுகிறவன், இந்தப் பத்திரிகையில் எழுதுகிறவன், பீச்சில் மட்டும் ஊர் இல்லாதவனாக நடந்துகொண்டிருந்தேன்.

இந்தப் பேட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லணும். கடற்கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஆல்காட் பள்ளிக்கூடம் இருக்கிறது. கர்னல் ஆல்காட் 1894-ல் பறையர் பிள்ளைகளுக்கென்று ஆரம்பித்த இலவசப் பள்ளிகளின் வழி வந்தது. 1898-ல் அயோத்திதாசப் பண்டிதரோடு இலங்கைக்குப் போனவர் இந்த ஆல்காட்தான். அவருக்குப் பிறகு பிரம்மஞான சபைத் தலைமைக்கு வந்தவர் அன்னி பெசன்ட். 1909-ல் அந்த அம்மா ஒரு கட்டுரை எழுதினார். சேரிப் பிள்ளைகளின் உடம்பு தலைமுறை தலைமுறையாகச் சாராயத்தாலும் நாறும் சாப்பாட்டாலும் ஆனது, சுத்தமான குடும்பத்துப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் உட்காருவதற்கு இன்னும் சில தலைமுறை ஆகவேண்டும் என்பது அதன் சாரம். அம்பேத்கர் 1945-ல் காங்கிரசைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதை எடுத்துப் போட்டிருக்கிறார். ஆல்காட்டின் பேர் ஒரு குப்பத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும். பெசன்ட்டின் பேர் பேட்டை முழுசுக்கும். என் வீட்டு விலாசத்தில் தினம் அந்த அம்மா பேரைத்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டி வந்து நின்றது. குப்பத்துப் பையன்கள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். "எந்த நடிகர் சார்? ஷூட்டிங் எங்க?" என்று கேட்டார்கள். நண்பர் சிரித்துக்கொண்டே, "நாங்கதான்டா நடிகர்" என்றார். பையன்களுக்கு ஏமாற்றம், போய்விட்டார்கள்.

நண்பர், அவர் மனைவி, காலேஜ் படிக்கிற மகன், ரிட்டயர்டான ஒரு இன்ஜினியர், நான், என் மனைவி. என் மனைவி முப்பது வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு வர இஷ்டமில்லை. "அவங்களோட ரெண்டு நாள் ஒரே வீட்டுல இருக்கணும். உன்னால முடியுமா?" என்றாள். வண்டிதானே, வீடா என்றேன். "வீட்டைத்தானே வண்டியில வச்சிக்கிறாங்க" என்றாள்.

திருவான்மியூர் தாண்டி ஈ.சி.ஆர். பிடித்து, முட்டுக்காடு, மாமல்லபுரம், பிறகு வாயலூரில் பாலாற்றுப் பாலம். ஆலம்பரைக் கோட்டையைப் பார்ப்பதாக ஏற்பாடு. பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்து, 1760-ல் பிரிட்டிஷ்காரர்கள் பிடித்து இடித்த கோட்டை. செங்கல் சுவர் கொஞ்சமும் கடலும் கழிமுகமும் இருக்கிறது. அங்கே போய்ச் சேரும்போதே பன்னிரண்டு மணி. உயரமான வண்டி, கிராமத்து ரோட்டில் மரக்கிளை கூரையில் உரசுகிறது, கரெண்டு கம்பிக்குப் பயந்து பயந்து போகிறார் டிரைவர். கோட்டையைக் கால் மணி நேரம் பார்த்தோம். வெயில் தாங்கவில்லை. பிறகு நண்பருக்குத் தெரிந்தவர் மூலம் சொல்லிவைத்திருந்த ஒரு சவுக்குத் தோப்பில் வண்டியை நிறுத்தினோம். பின் சக்கரம் மணலில் இறங்கிக்கொண்டது. அதைத் தூக்க ஒரு மணி நேரம்.

என்ஜினை நிறுத்தினால் ஏசி ஓடாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. பேட்டரி சாயந்திரத்துக்குள் இறங்கியது. ஃபிரிட்ஜில் வைத்த மீன் கெட்டுப்போனது. தண்ணித் தொட்டியை ஆளாளுக்குக் குளித்தே காலி பண்ணிவிட்டோம். மிச்சம் இருந்தது கடையில் வாங்கிய ஒரு கேன் குடிதண்ணி. கொசுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இன்ஜினியர் மட்டும் ஒவ்வொரு பொத்தானாக அமுக்கி இது ஜெர்மன் டெக்னாலஜி, அது இத்தாலி என்று விளக்கிக்கொண்டிருந்தார். கேரவன் சுற்றுலாவுக்கு ஒன்றிய சுற்றுலா அமைச்சகம் 2010-லேயே கொள்கை வகுத்துவிட்டது, கேரளாக்காரன் 2021-ல் 'கேரவன் கேரளா' என்று ஆரம்பித்து வண்டி நிறுத்த பூங்காவெல்லாம் கட்டுகிறான், நாம்தான் பின்தங்கிவிட்டோம் என்று அவருக்கு வருத்தம்.

டிரைவர் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அவருக்குச் சாப்பாடு காகிதத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். எங்களுக்கு வண்டியிலிருந்த பீங்கான் தட்டு. கக்கூஸுக்கு அவர் தோப்புக்குள் போகவேண்டும் என்பது யாரும் சொல்லாமலே முடிவாகியிருந்தது. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன்.

ராத்திரி நாலு பேர் வண்டிக்குள். நானும் இன்ஜினியரும் வெளியே கூடாரத்தில். விளக்கை அணைத்த பிறகு இருட்டில் அவர் கேட்டார்: "உங்களுக்குக் குலதெய்வம் எது சார்?" பத்து வருஷத்தில் இது நாலாவது தடவை, வேற வேற மாதிரி. முனீஸ்வரன் என்றேன். முனீஸ்வரனை எல்லாரும்தான் கும்பிடுகிறார்கள், அவருக்கு ஒன்றும் பிடி கிடைத்திருக்காது.

எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்பேத்கர் எழுதிவைத்த ஒரு பயணம் ஞாபகத்துக்கு வந்தது. 1934-ல் இயக்கத்துத் தோழர்கள் முப்பது பேர் போல ஒரு பஸ்ஸும் இரண்டொரு காருமாக வெருல் குகைகளைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். அம்பேத்கர் அப்போது வட்டமேசை மாநாட்டுக்கெல்லாம் போய்வந்தாயிற்று. ஆனாலும் வழியில் தொந்தரவு வரக்கூடாது என்று யார் என்பதைச் சொல்லாமலே போய்வர முடிவு செய்கிறார்கள். தௌலதாபாத் கோட்டை வாசலில் ஒரு குளம். பயணத் தூசியில் சிலர் முகம், கால் கழுவுகிறார்கள். ஒரு வயசான முஸ்லிம் ஓடிவந்து குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கத்துகிறார். கூட்டம் கூடுகிறது. கடைசியில் கோட்டைக்குள் விடுகிறார்கள், எங்கேயும் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதத்தோடு ஒரு சிப்பாயைக் கூட அனுப்பி. அமெரிக்காவில் கறுப்பர்கள் சொந்தக் காரில் போனாலும் எந்த ஊரில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று சொல்ல ஒரு கையேடு தேவைப்பட்டது. விக்டர் கிரீன் என்ற தபால்காரர் 1936-லிருந்து அதைப் போட்டார். அவர்களுக்கு உடம்பே அடையாளம், மறைக்க வழியில்லை. நமக்கு மறைக்க வழி இருக்கிறது. அந்த வசதியில்தான் நான் கூடாரத்துக்குள் படுத்திருந்தேன்.

விடிந்தபோது நாற்றம்.

வண்டியின் கக்கூஸ் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லவேண்டும், இல்லையென்றால் பின்னால் வருவது புரியாது. உள்ளே பார்த்தால் வெள்ளை வெளேரென்று கோப்பை. அதற்குக் கீழே இருபது லிட்டர் போலப் பிடிக்கிற ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதில் நீல மருந்து ஊற்றியிருக்கும். எல்லாம் அதில் போய் விழும். நிறைந்ததும் சிவப்பு விளக்கு எரியும். டப்பாவை உள்ளே இருந்து எடுக்க முடியாது. வண்டியின் வெளிப்பக்கம் சுவரில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. அதைத் திறந்து உருவ வேண்டும். சூட்கேஸ் மாதிரி பிடியும் சக்கரமும் உண்டு.

அந்தச் சின்னக் கதவைப் பார்த்ததும் எனக்கு எங்க ஆயா ஞாபகம் வந்துவிட்டது. ஆயா ஒரு சின்ன நகராட்சியில் தோட்டி வேலை பார்த்தாள். எடுப்புக் கக்கூஸ் காலம். வீட்டுக்காரர்கள் உள்ளே இருந்து போவார்கள். பின்னால் சந்து. சந்துப் பக்கம் சுவரில் தரையோடு ஒரு திட்டிவாசல், தகரக் கதவு. ஆயா அந்தச் சந்து வழியாகத்தான் அந்த ஊரை அறிந்தாள். எந்த வீட்டிலும் முன்பக்கம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. லீவில் நானும் கூடப் போயிருக்கிறேன், சாம்பல் கூடையைத் தூக்கிக்கொண்டு. கதவைத் திறக்கும்போது சில சமயம் மேலே ஆள் உட்கார்ந்திருப்பார்கள். ஆயா குரல் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பாள். ஜெர்மனியில் செய்தார்களோ இத்தாலியில் செய்தார்களோ, அந்த வண்டியின் பக்கவாட்டில் எங்க ஆயாவின் திட்டிவாசல் இருந்தது.

ஒரு வித்தியாசம் உண்டு. அந்த நாடுகளில் டப்பாவை வண்டிக்காரரேதான் எடுத்துப்போய்க் கொட்டுகிறார். டாக்டரோ ஜட்ஜோ, காலையில் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய், அதற்கென்று இருக்கிற தொட்டியில் ஊற்றி, அலசி, திரும்ப மாட்டிவிட்டு வந்து காப்பி குடிப்பார். எங்கள் வண்டியிலும் கையேடு இருந்தது. படம் போட்டு, அம்புக்குறி போட்டு, எந்த மூடியைத் திறக்க வேண்டும், காற்றுப் போக எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று காட்டியிருந்தது. ஐந்து நிமிஷ வேலை. கை படவே படாது. திருப்பிக் கொடுக்கும்போது காலி டப்பாவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மூவாயிரம் ரூபாய் பிடித்துக்கொள்வோம் என்று வாடகைத் தாளில் இருந்தது.

நண்பர் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. டிரைவரைக் கூப்பிட்டார். அவர், "நான் வண்டி ஓட்டத்தான் சார் வந்தேன்" என்றார். "சரி தம்பி, நீங்க எடுக்க வேணாம். ஊருக்குள்ள இதுக்குன்னு ஆள் இருப்பாங்கல்ல, இருநூறு ரூபா தரலாம், கூட்டிட்டு வாங்க." சாதாரணமாகச் சொன்னார். கோபமில்லை, அதிகாரமில்லை. டீ எங்கே கிடைக்கும் என்று கேட்கிற குரல். அந்த ஆவணப்படத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தவர்தான். எந்த ஊரிலும் அதற்கு ஒரு ஆள் இருப்பான் என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அரை மணி நேரத்தில் ஆள் வந்தும்விட்டது. டீக்கடையில் கேட்டாராம் டிரைவர், காலனிப் பக்கம் கை காட்டினார்களாம்.

எழுபது வயசுக்குக் குறையாது அந்தப் பெரியவருக்கு. எங்களைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "எங்க சாமி கீது?" என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

என் கையில் டீ டம்ளர். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. அந்தக் கதவை நோக்கிக் கையைக் காட்டினேன். 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் ஒரு சட்டம், 2014-லும் 2023-லும் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, சாக்கடையில் செத்தால் 10 லட்சமாக இருந்த நஷ்டஈடு 30 லட்சம் ஆனது வரை எல்லாம் மேடையில் தேதியோடு சொல்லுவேன். அன்றைக்குக் கையைக் காட்டினேன்.

அவர் அந்த மாதிரி டப்பாவைப் பார்த்ததே இல்லை. உருவி எடுத்தார். தூக்கிக்கொண்டு நாலு அடி போனார். தப்பான மூடியைத் திருகினார். ராத்திரி முழுக்கப் புழுக்கத்தில் காற்று அடைத்திருந்தது, பீச்சியடித்துவிட்டது. மார்பு, வயிறு, வேட்டி எல்லாம் நீலத் தண்ணியும் பீயும். நண்பரின் மகன் "ஓ ஷிட்" என்று சிரித்தான். பாவம், வார்த்தை சரியாகத்தான் வந்தது அவனுக்கு. நண்பரின் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, அவருக்குச் சோப்பு குடுங்க, பழசா இருக்கும் பாருங்க" என்றார். ஆறு பேரின் பீ அது. என்னுடையதும் இருந்தது. நாற்றம் அவர் மேலிருந்துதான் வருகிற மாதிரி எல்லாரும் பின்னால் நகர்ந்தார்கள்.

என் மனைவி வண்டிக்குள் போனாள். தண்ணிக் கேனை இழுத்துக்கொண்டு வந்தாள். கழுத்தைச் சாய்த்து அவர் தோளில் ஊற்றினாள். "அது குடிக்கிற தண்ணிங்க மேடம்" என்றார் இன்ஜினியர். "தெரியும்" என்றாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள். வெறும் கையால் அவர் முதுகைத் தேய்த்தாள். பெரியவர் கூசிப்போய், "வேணாம்மா, தள்ளி நில்லும்மா, மேல படுது" என்றார். பிறகு, "எந்த ஊரும்மா நீங்க?" என்றார்.

அவள் ஊர் பேரைச் சொன்னாள். "ஊர்ல இல்ல பெரியப்பா, காலனி. நாங்களும் காலனிதான். இவங்க ஆயா இந்த வேலைதான் பாத்துச்சு" என்று என்னைக் காட்டினாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சாமி போய்விட்டது.

"அப்ப நீ ஏன்யா பாத்துக்கினு குந்தினு இருந்த?"

அதற்கு அன்றைக்கும் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை.

எழுந்து போனேன். கையேட்டைப் பார்த்து மூடியைச் சரியாக மாட்டினேன். அவரும் நானும் டப்பாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போனோம். சக்கரம் மணலில் உருளவில்லை. கிணற்றுப் பக்கம் வேண்டாம், மருந்துத் தண்ணி ஊறிடும் என்று சொல்லி வேற இடம் காட்டினார். வண்டியிலிருந்த சின்ன மண்வெட்டியால் குழி தோண்டினேன். மூச்சு வாங்கியது. அவர் வாங்கிக்கொண்டு மிச்சத்தைத் தோண்டினார். ஊற்றி, மூடி, மேலே சவுக்கு மிலாறு போட்டார். அதற்குள் அவருடைய மகன் சென்னையில் பெயின்ட் வேலை செய்வது, பேத்தி மதுராந்தகத்தில் படிப்பது எல்லாம் தெரிந்துவிட்டது. அவர் இந்த வேலை செய்கிறவரே இல்லை. காலனிக்காரர், வயசானவர், காசுக்கு வருவார் என்று டீக்கடையில் காட்டிவிட்டார்கள்.

நண்பர் இருநூறு கொடுத்தார். பெரியவர் வாங்கிக்கொண்டு, "வேட்டி போச்சே, இன்னும் நூறு குடு" என்றார். நண்பர் பேரம் பேசவில்லை, கொடுத்துவிட்டார். முகம் மட்டும் சுருங்கியிருந்தது. என்னிடம் வந்து, "சார், நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம். நமக்குள்ள என்ன இருக்கு?" என்றார். சொல்லியிருந்தால் அந்த வண்டியில் என்ன மாறியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஆளைத் தேடி ஊருக்குள் போயிருக்க மாட்டார்களோ? இல்லை, என்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்டார்களோ?

மத்தியானமே கிளம்பிவிட்டோம். மாமல்லபுரத்தில் இறங்குவதாக இருந்தது, யாரும் கேட்கவில்லை. என் மனைவி முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கோவளம் வரும்போது அந்தத் தம்பி அவளிடம் மெதுவாகச் சொன்னாராம்: "ஒரு தடவ எடுத்தேன்னு வைங்கக்கா, அப்புறம் எல்லா டிரிப்புலயும் எனக்கு அதுதான் வேல. அதான் முடியாதுன்னேன். பெரியவர கூட்டிக்கினு வந்தது தப்புதான்." அவர் எந்த ஊர் என்று அவள் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து, "பத்து வருஷம் நான் கட்டிக்காத்ததை ஒரு நிமிஷத்துல ஒடைச்சிட்டியே" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன், வெட்கம் இல்லாமல். "ஆஸ்பத்திரியில முப்பது வருஷம் எல்லார் பீயும் அள்ளியாச்சு. யார்து மணந்துச்சு?" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

இரண்டு நாள் கழித்து நண்பரிடமிருந்து கணக்கு வந்தது. வாடகை, டீசல், சாப்பாடு, தண்ணிக் கேன், கெட்டுப்போன மீன், 'கிளீனிங் சார்ஜ் 300'. மூன்று பங்கு. என் பங்கில் கிளீனிங் 100. மற்றதையெல்லாம் அனுப்பிவிட்டேன், அந்த நூறு ரூபாயை அனுப்பவில்லை. அவரும் கேட்கவில்லை. காலையில் இப்போதும் நடக்கிறேன். ஷ்மிட் மண்டபத்தில் உட்காருவதில்லை. ஊரூர் குப்பம் வழியாக, உடைந்த பாலம் இருக்கிற பக்கம் போய்த் திரும்புகிறேன். எதிரில் பார்த்தால் நண்பர் கை தூக்குகிறார், நானும் தூக்குகிறேன். இன்ஜினியர் மட்டும் ஒருநாள் நின்று, "மேடம் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார்.